ஒரே அளவு முத்துகள்

ஜூன் 3

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே மூவரும் சுகம். அண்ணனின் இருமல் எப்படி இருக்கிறது, சாயங்காலமானால் உங்கள் வலது கண்ணில் இன்னும் நீர் கோக்கிறதா என்பதை முதலில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

வீடு மாறியாயிற்று. நில அளவைத் துறைக் குடியிருப்பில் கடைசி வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி. தொட்டிக்கு மூடி உண்டு. ஆனால் மூடிக்கும் தொட்டிக்கும் ஏதோ மனஸ்தாபம், ஒன்றோடொன்று சேராது. அதைத் தாண்டி ஒரு வாய்க்கால். இவருக்கென்ன, மூன்றுகால் ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாரத்தில் நாலு நாள் வெளியூர் அளக்கப் போய்விடுகிறார்.

நேற்றுக் காலை குட்டிக்கு முகம் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவரில் ஒன்று. தலையைக் கீழே குத்தி, வாலைத் தூக்கிக்கொண்டு. நம் வால்தூக்கிக் கொசு! அண்ணி, ஒரு நொடி எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? தெரியாத தெருவில் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம். "அட, நீயா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மறுநொடிதான் குட்டி ஞாபகம் வந்தது. அவளை வாரி எடுத்துக்கொண்டேன்.

மூன்று வருஷம் மலேரியா ஆராய்ச்சிக் கூடத்துக் கொசுப் பண்ணையில் அதுகளோடு குடித்தனம் நடத்தியவள் நான். கூண்டுக்குள் கையை விட்டு என் ரத்தத்தைக் கொடுத்து வளர்த்தவள். இப்போது ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நிற்கிறேன்.

நம் மேசை அடிக்கடி நினைவுக்கு வருகிறது. ஒரு கொசுவை நாம் இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்வோமே! வால் பக்கம் உங்களுக்கு, தலைப் பக்கம் எனக்கு. நீங்கள் ஊசியால் இழுத்து வயிற்றை எடுப்பீர்கள். நான் தலையைப் பிடித்து இழுத்து உமிழ்நீர்ச் சுரப்பியை எடுப்பேன். உங்களுக்குக் 'குடல்', எனக்குச் 'சுரப்பி' என்று பேர் வைத்த டாக்டர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறாரா? என் நாற்காலியில் யார்?

குட்டி பாலுக்கு எழுந்துவிட்டாள். அண்ணனைக் கண்ட நேரத்தில் குளிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்கள்
சுரப்பி


ஜூன் 14

அன்புள்ள சுரப்பிக்கு,

உன் அண்ணனின் இருமல் அவரை விட்டுப் போய்விட்டது, அதைப் பற்றிய பேச்சுதான் போகவில்லை. என் கண்ணுக்குச் சொட்டு மருந்து. நாங்கள் நலம். 'மூவரும் சுகம்' என்று எழுதியிருக்கிறாயே, அந்தச் சுகத்தில் உன் பங்கு எவ்வளவு? உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை.

உன் நாற்காலியில் புதுசாக ஒரு பெண். நல்ல பெண். படிப்பு நிறைய, விரல்தான் படிக்கவில்லை. நேற்று, "மேடம், சுரப்பி எங்க இருக்கு?" என்று கேட்டாள். "உன் ஊசி முனையில நசுங்கிக் கெடக்கு, நல்லாப் பாரு" என்றேன். கண் கலங்கிவிட்டாள். அப்புறம் நானே காபி வாங்கிக் கொடுத்தேன்.

நோய்க் கொசு அறையிலிருந்து வெளியே வரும்போது இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று ஒருவர் முதுகை ஒருவர் பார்ப்போமே, ஏதாவது ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று. இவளிடம் "முதுகப் பாரு" என்றால், "ஜாக்கெட் தையல் ரொம்ப நல்லா இருக்கு மேடம்" என்கிறாள். உன்னைத் திட்டிய திட்டெல்லாம் வீண் என்று இப்போது தெரிகிறது.

வால்தூக்கி எங்கேயும் இருக்கும். பார்த்தவுடன் பதறாதே. அது யாரைக் கடித்துவிட்டு வருகிறது என்பதைப் பொறுத்தது. வலை கட்டு.

இன்னொன்று. நீ உண்டாகியிருந்தபோது வந்த காய்ச்சலுக்கு டாக்டர் ஒரு மாத்திரையைப் பாக்கி வைத்தாரே, பிரசவத்துக்கு அப்புறம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று. போட்டுக்கொண்டாயா? போட்டிருப்பாய். இருந்தாலும் எழுது.

குட்டிக்கு அத்தையின் முத்தம். தம்பியை, உன் வீட்டுக்காரரைத்தான், கேட்டதாகச் சொல்.

அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

நாங்கள் நலம்தான், உங்கள் நலம்தான் எனக்குத் தெரிய வேண்டும். சொட்டு மருந்தை அண்ணனை விடச் சொல்லாதீர்கள், மூக்கில் விட்டுவிடுவார்.

என்னைப் பற்றி என்ன எழுத? சாயங்காலமானால் கொஞ்சம் அசதி. பால் கொடுக்கிற உடம்பு, அப்படித்தான் இருக்கும். குட்டி தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையில் கிடக்கிற எல்லாம் அவளுக்குச் சாப்பாடு.

வலை கட்டிவிட்டேன். தொட்டில் அளவுக்குத் தைத்தது. வெளிச்சம் மங்கும்போதே அவளை உள்ளே போட்டுவிட்டு, வெளியே பாய் விரித்து, டார்ச்சோடு காவல் உட்கார்ந்துவிடுவேன்.

மற்ற அம்மாக்களுக்குக் கொசு என்றால் கடி, தடிப்பு, கொஞ்சம் எண்ணெய். எனக்கு அப்படியா? சுவரில் ஒன்று உட்கார்ந்தால் அதன் உள்பக்கம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது. மலேரியாக் கிருமி, ஒரே ஒரு செல். கால் கிடையாது, துடுப்பு கிடையாது. உறிஞ்சின ரத்தத்தோடு வயிற்றுக்குள் போய், அங்கேயே ஆணும் பெண்ணும் கூடி, புழு மாதிரி நீண்டு, வழுக்கிக்கொண்டே வயிற்றுச் சுவரைத் துளைத்து மறுபக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே உருண்டு முத்தாகும். அதுவரை உங்கள் பக்கம். முத்து பெருத்து, முற்றி, வெடித்தால் உள்ளேயிருந்து ஆயிரக்கணக்கில் மெல்லிய அரிவாள்கள். மிதந்து மிதந்து தலைப் பக்கம் வந்து சுரப்பிக்குள் நுழைந்துவிட்டால் என் பக்கம். அப்புறம் அடுத்த கடிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒரு தடவை நான் எடுத்த சுரப்பி கண்ணாடியில் நசுங்கி, அத்தனையும் நெளிந்து பரவியதை இரட்டைத் தலை மைக்ராஸ்கோப்பில் சேர்ந்து பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா? "அழகா இருக்குல்ல" என்றீர்கள். நானும் "ஆமா" என்றேன். அந்த 'ஆமா'வை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அதனால் ஒரு உதவி. இதோடு வரும் தீப்பெட்டியில் பஞ்சுக்கு நடுவே ஏழெட்டு வால்தூக்கி வைத்திருக்கிறேன். எல்லாம் இந்த வீட்டில் பிடித்தது. சுரப்பியைப் பார்த்துச் சொல்லுங்கள். இருக்கிறதா இல்லையா, ஒரு வார்த்தை போதும். இருந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிடுவேன். இவரிடமும் சொல்லிவிட்டேன்.

"கொசுவுக்குப் பயந்து வீட்ட விட்டுப் போறவள இப்பதான் பாக்கறேன்" என்றார்.

"கொசுவுக்கு இல்லங்க. கொசுவுக்குள்ள இருக்கறதுக்கு."

"அது கொசுவ விடச் சின்னதாத்தான இருக்கும்?"

இவரோடு என்ன பேச? சீக்கிரம் எழுதுங்கள். அண்ணனுக்கு என் அன்பு.

சுரப்பி


ஜூலை 10

அன்புள்ள சுரப்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். கண் தேவலை.

தீப்பெட்டி வந்தது. திறந்தேன். கால் தனி, இறகு தனி, பஞ்சு முழுக்கப் பொடி. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"யாரும்மா இது அனுப்பினது?"

"நம்ம சுரப்பி, சார்."

"காஞ்ச கொசுவுல சுரப்பியத் தேடச் சொல்லி, நம்ம சுரப்பியா?"

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். முதலில் சிரிப்பை நிறுத்தியது அவர்தான்.

புதுசாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாளே நீதானே சொல்லித் தருவாய், கொசு செத்துக் காய்ந்துவிட்டால் ஊசியைக் கீழே வை என்று? அதை மறக்கிறவள் இல்லையே நீ. எழுத எழுத எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அந்தச் சாயங்கால அசதி தினமும் வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா? மாத்திரையைப் பற்றிக் கேட்டதற்கும் நீ பதில் எழுதவில்லை.

உயிரோடு இருந்தால் பார்த்துச் சொல்ல முடியும். அதற்காக வளர்க்க ஆரம்பித்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

தம்பிக்கு எங்கள் அன்பு. குட்டியின் பல் முளைத்ததா?

அண்ணி


ஜூலை 27

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கண் தேவலை என்றதில் பாதி நிம்மதி. குட்டிக்குக் கீழே இரண்டு பல்.

வளர்க்க ஆரம்பித்துவிட்டேன். திட்டாதீர்கள், முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

போன வாரம் புதன்கிழமை காலை சுவரில் ஒரு கூட்டமே இருந்தது. ராத்திரி வயிறு முட்டக் குடித்துவிட்டுப் பறக்க முடியாமல் சிவப்பாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இவருடைய அலுவலகத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய், ஒரு கண்ணாடிக் குழாய். பழையபடி வாயால் உறிஞ்சி ஒவ்வொன்றாகப் பிடித்துக் காகிதக் கப்பில் விட்டேன். மேலே வலைத்துண்டு, ரப்பர் பேண்டு, சர்க்கரைத் தண்ணீர் நனைத்த பஞ்சு. சுற்றிலும் ஈரத் துண்டு. கை தானாகச் செய்தது, அண்ணி. கொஞ்ச நேரம் நான் இந்த வீட்டிலேயே இல்லை. நீங்கள் பின்னால் நின்று "கழுத்த வளைக்காத, குழாயச் சாய்" என்று சொல்வது போலவே இருந்தது.

உள்ளே எதுவும் இருந்தால் வளரட்டும், வளர்ந்தால்தானே உங்கள் கண்ணுக்குத் தெரியும் என்று வைத்திருந்தேன். மறுநாள் இவர் ஊரிலிருந்து வந்தார். பின்னறைக் கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஊர்ல உள்ளவங்க எல்லாம் கொசுவ அடிக்கறாங்க. நீ சர்க்கரத் தண்ணி குடுத்து வளக்கற."

"பாப்பாவுக்காகத்தாங்க."

"பாப்பாவுக்கு வெளையாட நாய்க்குட்டி கேட்டேன், வேணாம்ன. நாய்க்குட்டி கடிக்கும்ன."

சிரித்தேன். நேற்றுவரை சிரித்தேன்.

நேற்று நான் அடுப்படியில் இருந்தேன். குட்டியின் சத்தம் நின்றுவிட்டது. சத்தம் நின்றால் ஓட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பின்னறையில் கப் கவிழ்ந்து, ரப்பர் கழன்று கிடக்கிறது. குட்டி உட்கார்ந்திருக்கிறாள். மணிக்கட்டில் ஒன்று. தலை கீழே, வால் மேலே. அவள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அடித்தேன். என் விரலில் ரத்தம். என் குழந்தையின் ரத்தம், நான் வளர்த்த கொசுவின் வயிற்றிலிருந்து.

மற்றதையெல்லாம் குழாயால் பிடித்து மறுபடி கப்பில் அடைத்துவிட்டேன். இவருக்கு அங்கே தலைமை அலுவலகத்தில் வேலை இருக்கிறது, நாளை பஸ் ஏறுகிறார். கையில் கொடுத்தனுப்புகிறேன், உயிரோடு. சுரப்பியில் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். நான் சாப்பிட்டு இரண்டு நாளாகிறது என்று இவர் அங்கே சொல்வார். நம்பாதீர்கள்.

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் வேண்டிக்கொண்டு,
சுரப்பி


ஜூலை 30

அன்புள்ள சுரப்பிக்கு,

நாங்கள் நலம். முதலில் உட்கார். உட்கார்ந்து படி.

சுரப்பி எல்லாவற்றிலும் காலி. ஒவ்வொன்றாக நானே எடுத்தேன், அந்தப் பெண்ணிடம் கொடுக்கவில்லை. டாக்டரும் பார்த்தார். குட்டியைக் கடித்ததும் இதே கப்பில், இதே நாளில் அடைத்ததுதான். ஆகவே அந்தக் கடியில் அவளுக்கு எதுவும் போயிருக்க வழியில்லை. இதை இன்னொரு தடவை படி.

ஆறு கொசுவின் வயிற்றில் முத்து இருந்தது. சின்ன முத்துகள். எல்லாம் ஒரே அளவு. பயப்படாதே, அவை சுரப்பிக்கு வர இன்னும் நாள் வேண்டும், அந்த நாளை நான் அவற்றுக்குக் கொடுக்கவில்லை.

தம்பி வந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டே வந்திருக்கிறார். பக்கத்து சீட்காரர், "பைல என்ன சார்?" என்றாராம். "கொசு." "விக்கவா?" "இல்லங்க, செக்கப்புக்கு." அதற்கப்புறம் தம்பிக்கு முழு சீட்டும் கிடைத்ததாம். உன் அண்ணன் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

ரொம்ப நாளைக்கு அப்புறம் இரண்டு பக்கத்தையும் நானே அறுத்தேன். தலைப் பக்கம் வரும்போதெல்லாம் பழக்கத்தில் கண்ணாடியை எதிரே தள்ளிவிட்டேன். எதிரே யாரும் இல்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன், பதில் எழுது. அந்தப் புதன்கிழமைக்கு முந்தின ராத்திரி அந்த அறையில் யார் யார் இருந்தீர்கள்? அப்புறம், மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுங்கள். மூவரும். குட்டி மட்டும் இல்லை.

சாப்பிடு.

அண்ணி


ஆகஸ்ட் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நூறு வருஷம் நலமாக இருக்க வேண்டும், உங்கள் விரல் இருநூறு வருஷம்.

இவர் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கி நின்றபடியே படித்தேன். 'சுரப்பி எல்லாவற்றிலும் காலி.' குட்டியைத் தூக்கிச் சுற்றினேன். அவள் என் தோளில் பாலைக் கக்கினாள். அதுகூட எனக்கு வாசனையாக இருந்தது.

மறுநாளே ஆஸ்பத்திரி. குட்டியின் ரத்தம் சுத்தம்! சில வாரம் கழித்து இன்னொரு தடவை எடுக்க வேண்டும் என்றார்கள், எடுப்போம். இவருடையதும் சுத்தம். அவர் ஊசிக்குப் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த குழந்தைகள் எல்லாம் அழ ஆரம்பித்துவிட்டன. நர்ஸ், "சார், இன்னும் குத்தவே இல்ல" என்றாள். நான் மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாயங்காலம் கொஞ்சம் குளிரெடுக்கிறது, அன்றைக்குப் பார்த்து அந்த நாள். வரிசையில் நிற்க முடியவில்லை, போர்த்திக்கொண்டு படுத்தால் சரியாகிவிடும் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த தடவை போகும்போது கொடுக்கிறேன்.

அந்த ராத்திரி யார் இருந்தார்கள் என்று கேட்டீர்களே. இவர் வெளியூர். குட்டி வலைக்குள். நான் வலைக்கு வெளியே, வழக்கம்போல. இதெல்லாம் எதற்கு? டாக்டர் ஏதாவது ஆராய்ச்சிக் கட்டுரை எழுதப் போகிறாரா?

மனசு லேசானதும் அங்கத்து நினைவுதான். கரண்ட் போய், பண்ணையறை முழுக்கச் சூடேறி, கூண்டுக் கொசுவெல்லாம் சாகப் போகிறது என்று நாம் இருவரும் ஈரத் துண்டைச் சுழற்றிக்கொண்டு பாட்டுப் பாடினோமே! டாக்டர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டு போனார். அன்றைக்கு நமக்குக் காப்பாற்ற வேண்டியதெல்லாம் கொசுதான். எவ்வளவு சுலபமாக இருந்தது வாழ்க்கை!

அண்ணனுக்கும் உங்களுக்கும் என் முத்தங்கள்.

சுரப்பி


ஆகஸ்ட் 8, அவசரத் தபால்

சுரப்பிக்கு,

நாங்கள் நலம், அதை விடு.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர். இதை நீ உன் கையால் எழுதியிருக்கிறாய். எழுதியதைப் படித்தாயா?

வேறு வேறு நாளில் குடித்திருந்தால் முத்து ஒன்று பெரிசு, ஒன்று சிறிசாக இருக்கும். ஆறு வயிற்றிலும் ஒரே அளவு என்றால் ஒரே ராத்திரியில், ஒரே ஆளிடம் குடித்தது. அந்த ராத்திரி அந்த அறையில் வலைக்கு வெளியே இருந்தது ஒரே ஒரு ஆள்.

நீ மாத்திரையைப் போடவில்லை, அதனால்தான் இரண்டு தடவை கேட்டும் அதைத் தாண்டி எழுதினாய். குற்றம் சொல்லவில்லை. பிரசவம், இடமாற்றம், வீடு, யாருக்குத்தான் நினைவிருக்கும்? நீ உண்டாகியிருந்தபோது கொடுத்த முதல் மருந்து ரத்தத்தில் இருந்த மலேரியாக் கிருமியைக் கொன்றது. கல்லீரலில் தூங்குவதைக் கொல்கிற மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. அதனால் அது தூங்கியது. இப்போது எழுந்துவிட்டது.

போன கடிதத்திலேயே நேராக எழுதியிருக்கலாம். பயந்துபோய்க் குட்டியை இறக்கி வைத்துவிடுவாயோ என்று சுற்றி வளைத்தேன். இப்போதும் அதே பயம்தான். பாலை நிறுத்தாதே. பால் வழியாக இது போகாது. தொட்டால் ஒட்டாது, முத்தத்தில் ஒட்டாது. உனக்குத் தெரிந்ததுதான். மறந்திருப்பாய்.

தம்பிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவர் கூப்பிட்டவுடன் கிளம்பு.

அண்ணி


செப்டம்பர் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமா? என் நலத்தை இந்தத் தடவை ஒழுங்காக எழுதுகிறேன். நான் சுகமில்லாமல் இருந்தேன். ரொம்ப நாளாக. இப்போது தேறி வருகிறேன். எழுந்து நின்றால் இன்னும் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வந்தன. நான் போர்வைக்குள் இருந்தேன். இவர் தன்னுடையதைப் படித்துவிட்டு உள்ளே வந்தார்.

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"குட்டிக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களே."

"குட்டிக்கு இல்ல. உனக்கு."

"எனக்கென்ன?"

"அத அங்க போய் அவங்க சொல்வாங்க. நான் சொன்னா நீ சண்டைக்கு வருவ."

பரிசோதனைக்காரரிடம் நானே பார்க்கிறேன் என்று அடம்பிடித்தேன். "நோயாளிங்களுக்கெல்லாம் காட்டறதில்லம்மா" என்றார். நான் எங்கே வேலை செய்தேன் என்று இவர் சொன்னதும் நகர்ந்து இடம் விட்டார். பார்த்தேன். மூன்று வருஷமாகக் கொசுவுக்குள் தேடித் தேடிப் பார்த்தது, என் சிவப்பணுவுக்குள் வளையம் போட்டு உட்கார்ந்திருந்தது. அண்ணி, நான் அழவில்லை. முதல் நாள் சுவரில் வால்தூக்கியைப் பார்த்தபோது வந்தது போலவே "அட, நீயா" என்றுதான் வந்தது. அழுகை பஸ்ஸில் வந்தது.

முத்தெல்லாம் ஒரே அளவு என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன்தான். வேறு யார் வீட்டுக் கொசுவாக இருந்தாலும் 'யார் ரத்தம்?' என்று அடுத்த மூச்சில் கேட்டிருப்பேன். எனக்குக் 'காலி' என்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது.

அங்கிருந்து கிளம்பிய நாள் நாம் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துக் கட்டினோம். டம்ளருக்குள் துணி, விளக்குக்குச் சுற்றிக் காகிதம். "ஏதாவது விட்டுட்டியா பாரு" என்று நீங்கள் மூலை மூலையாகத் தேடினீர்கள். நாம் கட்டாத ஒன்று கூடவே வந்திருக்கிறது. நோய்க் கொசு அறையில் பெற்றேனா, அந்தத் தெருவில் யாரையோ கடித்த கொசுவிடம் பெற்றேனா, யாருக்குத் தெரியும். நான் உங்களையெல்லாம் நினைத்து ஏங்கிக்கொண்டிருந்த அத்தனை மாதமும் அது உள்ளே சத்தமில்லாமல் தூங்கியிருக்கிறது.

நீங்கள் பயந்தது நடந்தது. இரண்டு நாள் குட்டியைத் தொடவில்லை. பால் வழியாகப் போகாது என்று எனக்குத் தெரியும், தேர்வில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். கை நீளவில்லை. இவர் புட்டியில் கொடுத்தார், துப்பினாள். மூன்றாம் நாள் அவளே தவழ்ந்து வந்து என் போர்வையைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். முதல் தடவையாக நிற்கிறாள். நின்ற அதிர்ச்சியில் அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. பிடிக்காமல் என்ன செய்ய?

பாக்கி மாத்திரையை இப்போது கொடுக்கிறார்கள். பால் குடிக்கிற குழந்தை என்பதால் அவளுக்கும் எனக்கும் ஒத்துக்கொள்ளுமா என்று தனியாக ரத்தம் பார்த்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். குட்டியின் இரண்டாவது மலேரியா பரிசோதனை மூன்று வாரத்தில். என்னைக் கடித்துவிட்டு, நான் பிடிக்காமல் விட்ட கொசு எத்தனையோ. அதில் ஒன்று வயசாகி வலைக்குள் போயிருந்தால்? அந்த முடிவு வரும்வரை மூச்சு பாதிதான் வரும்.

அங்கே வந்துவிடுவேன் என்று எழுதியிருந்தேனே, இப்போது வரவில்லை. எதிலிருந்து ஓடி வர?

சுரப்பி


செப்டம்பர் 10

அன்புள்ள சுரப்பிக்கு,

இன்றைக்கு எங்கள் நலத்தைக் கேட்காதே, உன் கடிதம் வந்ததிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறோம்.

சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வயிற்றிலும் அதே அளவு முத்தைப் பார்த்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஆறாவதைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். மூன்று வருஷம் எதிரே உட்கார்ந்திருந்தாய், உனக்குள்ளே என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அதுவும் நீ கொசுவை அனுப்பியதால். நீயாக எழுதியிருந்தால் 'சுகம்' என்றுதான் வந்திருக்கும்.

அந்தப் பெண், "என்ன மேடம், கண்ணுல தண்ணி?" என்றாள். சொட்டு மருந்து என்றேன்.

பெரிய வலை ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குழந்தைக்கு வெளியே உட்கார்ந்து காவல் காத்தது போதும். உள்ளே போய்ப் படு. காவலுக்கு வலை இருக்கிறது.

மாத்திரையை விடாதே. குட்டியின் முடிவு தெரிந்த நிமிஷமே எழுது. உன் அண்ணன் இப்போதே தபால்காரரை வாசலில் நிறுத்தி விசாரணை செய்கிறார்.

அண்ணி


செப்டம்பர் 25

பெறுநர்: அக்கா அவர்கள்
பொருள்: குழந்தையின் பரிசோதனை முடிவு தெரிவித்தல் தொடர்பாக
பார்வை: தங்கள் 10-ஆம் தேதியிட்ட கடிதம்

அக்கா, எனக்குக் கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்க வருகிறது. மன்னிக்கவும். தாங்களும் மச்சானும் நலமென நம்புகிறேன்.

குட்டியின் இரண்டாவது ரத்தமும் சுத்தம். காகிதத்தை வாங்கிப் பேரையும் வயசையும் இரண்டு தடவை சரிபார்த்தேன். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து உங்கள் நாத்தனார் சத்தமாக அழுதாள். போகிறவர்கள் எல்லாம் ஏதோ துக்கம் என்று நினைத்து விலகிப் போனார்கள். குட்டி கை தட்டினாள்.

உங்கள் நாத்தனாருக்கு மாத்திரை முழுவதும் முடிந்துவிட்டது. தினமும் என் கண்முன் விழுங்கினாள். குளிர் வரவில்லை.

வலை வந்து சேர்ந்தது. அளந்தேன். நீளம் சரி, அகலம் ஒரு கையளவு கம்மி. ஆகவே நான் ஓரம், என் ஒரு கால் வெளியே. கடித்தால் என்னைத்தான் கடிக்க வேண்டும், நான் சுத்தம் என்று காகிதம் இருக்கிறது.

இதை உண்மையில் அவள்தான் எழுத வேண்டும். மதியம் சாப்பிட்டதும், அண்ணிக்கு நானே சொல்வேன், நீங்கள் எழுதக் கூடாது என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் தட்டைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் பேனா திறந்தபடி கிடக்கிறது. 'அன்புள்ள அண்ணிக்கு, நான்' என்பது வரை எழுதியிருக்கிறாள். தூங்கிவிட்டாள், அக்கா. பகலில், டார்ச் இல்லாமல், வாய் திறந்து தூங்குகிறாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. குறட்டை உண்டு. அது தங்களுக்குத் தெரியுமா என்று தெரியவில்லை.

எழுப்பினால் முடித்துக் கொடுத்துவிடுவாள். எழுப்பவில்லை. அவள் எழுதியவரை கிழித்து இதோடு வைத்திருக்கிறேன்.

குட்டி மட்டும் விழித்துக்கொண்டாள். அம்மாவின் மூக்கைப் பிடிக்கப் போனவளைத் தூக்கிக்கொண்டு வந்து மடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், ஓரத்தில் மை இழுத்திருப்பது அவள். ஜன்னலையே காட்டிக் கை நீட்டுகிறாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று இவள் இதுவரை பார்த்ததில்லை. இன்னும் நல்ல வெயில் இருக்கிறது. கொஞ்ச தூரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வருகிறேன். அவள் அம்மாவிடம் சொல்லிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் தம்பி